உன் அக்காவுக்கு வந்தது பல்வலி அல்ல

குமரேசா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், "கொழம்பு அடிப்பிடிக்குது, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. உனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். போனில் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். நான் அழுதால் நீ துபாயில் ஒற்றை ஆளாக அறையில் உட்கார்ந்துகொண்டு அழுவாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை மறைத்து வைக்க வேண்டியதில்லை. உன் பெரியப்பா வீட்டில் கேட்டாலும் படிக்கக் கொடு. பெண்பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் படிக்கட்டும்.

காரியாபட்டியில் உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த மறுவாரம், அந்தக் கார்த்திகாவே உன்னிடம் சொல்லியிருக்கிறாள்: எனக்கு நீர்க்கட்டி இருக்கிறது, மாதாமாதம் ஒழுங்காக வராது, மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன், இதைத் தெரிந்துகொண்டு முடிவு சொல்லுங்கள் என்று. நீ என்னிடம் சொன்னாய். நான் உன் அப்பாவிடம் சொன்னேன். அப்பா மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாமல் பெரியப்பாவிடம் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே பெரியப்பா வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "நம்ம வீட்ல ஒருத்தி பட்டது போதாதா? தெரிஞ்சே கிணத்துல எறங்குவாகளா? நாலு வருசம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையணும். வேற எடம் பாருங்க" என்றார். அது உன் காதுக்கும் வந்து, நீ என்னைக் கேட்டாய்: "அம்மா, நீ சொல்றதுதான். நீ என்ன சொல்ற?"

அதற்கு நான் பதில் சொல்ல வேண்டுமென்றால் உன் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. அவள் போய் மூன்று வருஷமாக இந்த வீட்டில் யாரும் அவள் பெயரை வாய்விட்டுச் சொல்வதில்லை. உன் அப்பா அச்சாபீஸில் இருந்து வந்து, சாப்பிட்டு, டி.வி.யைப் பார்த்தபடியே தூங்கிவிடுகிறார். நீ தீபாவளிக் கூட்டத்தில் டிக்கெட் கிடைக்காமல், எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தாய். உனக்குத் தெரிந்தது 'ஹார்ட் அட்டாக்' என்ற ஒரு வார்த்தை மட்டும்தான். மற்றதை நான் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அது இன்னொரு தடவை நடந்துவிடும் போல இருந்தது.

ராஜி எட்டாம் வகுப்பில் பெரியவளானாள். நீ அப்போதுதான் தத்துநடை மாறி ஓடத் தொடங்கியிருந்தாய். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிவாய். பெரியவளான பிறகு அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும், சில சமயம் அதுவும் வராது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு இது ஒருவகையில் நல்லதுதான் என்று நான்கூட நினைத்தேன். பிறகு மோவாயில் முடி வந்தது. நீ "அக்காவுக்கு மீசை, அக்காவுக்கு மீசை" என்று கத்துவாய். அவள் உன்னை வீடு முழுக்க விரட்டிப் பிடித்து, கிச்சுக்கிச்சு மூட்டிச் சிரிக்கவைத்துவிட்டுப் போய்க் கண்ணாடி முன்னால் நிற்பாள். காலேஜில் யாரிடம் பேசினாலும் மோவாயில் கையை வைத்துக்கொண்டுதான் பேசுவாள். ஏதோ யோசனை பண்ணுகிற பிள்ளை என்று வாத்தியார்கள் நினைத்திருப்பார்கள். கழுத்துக்குப் பின்னால் கறுப்பாகப் படர்ந்தது. நான் பயத்தமாவு போட்டு, பீர்க்கங்கூட்டை வைத்துத் தோல் சிவக்கிற வரைக்கும் தேய்ப்பேன். "அம்மா, எரியுது" என்பாள். "அழுக்கைச் சேர்த்து வச்சிருக்கே, எரியாம என்ன செய்யும்" என்பேன். அது அழுக்கு இல்லை, உள்ளே நடப்பதை உடம்பு வெளியே காட்டுகிற அடையாளம் என்று எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

விருதுநகரில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "நீர்க்கட்டி இருக்குங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, நெறையப் பிள்ளைகளுக்கு இருக்கு. வெயிட்டைக் கொறைக்கச் சொல்லுங்க. கல்யாணமாகி ஒரு குழந்தை பொறந்தா சரியாயிரும்" என்றார். அவர் சொன்னதில் கடைசிப் பேச்சை மட்டும் நான் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். அதன் பிறகு அவளுடைய உடம்பைப் பற்றி எங்கள் எல்லோருக்கும் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றாகிப் போனது: குழந்தை பிறக்குமா, பிறக்காதா.

சிவகாசியில் சம்பந்தம் அமைந்தது உனக்கு நினைவிருக்கும். அச்சங்குளம் பக்கம் அவர்களுக்குப் பட்டாசுத் தொழிற்சாலை. மாப்பிள்ளை தங்கமான மனுஷர். நீர்க்கட்டியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. கல்யாணமான மறுவருஷத்திலிருந்து எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் பந்தியில் உட்கார்வதற்குள் நாலு பேர் வந்து, "என்ன ராஜி, விசேஷம் உண்டா?" என்று கேட்டுவிடுவார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "இருந்தா சொல்லாம இருப்பேனா சித்தி" என்பாள். வீட்டுக்கு வந்து சேலையை மாற்றும்போது மடிப்பு மடிப்பாகப் பின்னைக் கழற்றி, ஒவ்வொன்றாக டப்பாவில் போடுவாள். பிறகு மதுரை ஆஸ்பத்திரி. ஊசி, மாத்திரை, ஸ்கேன். மாப்பிள்ளை ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. ஊர்தான் சுளித்தது. அவள் கொஞ்சம் கனத்த உடம்புக்காரி. "பரோட்டாவைக் கொறைக்கச் சொல்லு, பிள்ளை தானா நிக்கும்" என்று உன் பெரியம்மா எல்லார் முன்னாடியும் சொன்னாள். அன்றிலிருந்து அவள் விருதுநகர் வந்தால் எண்ணெய் பரோட்டா வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டாள். உன் அப்பா வாங்கிக்கொண்டு வந்தாலும், "பசியில்லப்பா" என்பாள்.

நாலு வருஷம் கழித்துக் கரு நின்றது. ஆறாம் மாதத்தில் சர்க்கரை கூடியது. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு தனக்குத்தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டாள். எட்டாம் மாதத்தில் பிரஷர். நாளுக்கு முன்னாலேயே அறுத்து எடுத்தார்கள். யாழினி பிறந்தாள். அன்று மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உன் அப்பா சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் பரீட்சை முடிந்துவிட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டாக்டரம்மா சொன்னார்: "ஆறு வாரம் கழிச்சு அம்மாவுக்குச் சுகர் பாக்கணும். அதுக்கப்புறம் சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் தொடர்ந்து பாத்துக்கிட்டே இருங்க. விட்றாதீங்க." நாங்கள் தலையை ஆட்டிக்கொண்டு பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தோம். குழந்தையின் தடுப்பூசிக்கு ஒரு நாள் தப்பவில்லை. அம்மாவுக்கு யாரும் எதையும் பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. "அதான் பிள்ளை பொறந்துருச்சே, இனி எனக்கென்ன" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

யாழினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ராஜி தொழிற்சாலை ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தாள். ஆர்டர் எடுப்பது, லோடு அனுப்புவது, லாரிக்காரர்களிடம் பேசுவது எல்லாம் அவள்தான். வடக்கே இருந்து போன் பண்ணுகிற வியாபாரிகளிடம் இந்தியில் பேசுவாள். எப்போது கற்றுக்கொண்டாள் என்று மாப்பிள்ளைக்கே தெரியாது. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது, குமரேசா. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மோவாயிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பேசுகிற ராஜியை நான் அந்த ஆபீஸில்தான் பார்த்தேன்.

அவளுக்கு முப்பத்தாறு நடந்த வருஷம், ஆடி மாதம் இங்கே வந்திருந்தாள். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று கேட்டேன். "பல்லு வலிக்குதும்மா. இந்தத் தாடைப் பக்கம். கனமா எதையாவது தூக்கிட்டு ஏறுனா வலிக்கி, செத்த உக்காந்தா போயிருது" என்றாள். மூச்சும் வாங்கியது. உடம்பு கனத்துவிட்டது, அதுதான் மூச்சு வாங்குகிறது என்றேன். பல்லைப் பிடுங்கிவிடு என்றேன். சிவகாசியில் பல் டாக்டரிடம் போனாள். அவர் படம் எடுத்துப் பார்த்து, பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லி, ஒரு சின்னச் சொத்தையை அடைத்து அனுப்பினார். வலி நிற்கவில்லை. சீசன் முடியட்டும், மறுபடி போய்க் காட்டுகிறேன் என்றாள். இந்தப் பக்கத்தில் எல்லா வியாதியும் தீபாவளி முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதானே.

தீபாவளிக்கு முந்தின வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாப்பிள்ளையின் போன் வந்தது. அந்த நேரத்தில் தொழிற்சாலையிலிருந்து போன் வந்தால் இந்த ஊரில் யாருக்கும் ஒரே ஒரு நினைப்புத்தான் வரும். நான் எடுத்ததும், "என்ன மாப்பிள்ளை, வெடியா?" என்றேன். "இல்ல அத்தை, வெடி இல்ல. ராஜிக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்காம், வேர்த்துக் கொட்டுது. வாயுன்னு நினைக்கேன். சோடா குடுத்திருக்கு. சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், நீங்களும் வாங்க" என்றார். வெடி இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. கடவுளே என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, நிதானமாகச் சேலை மாற்றி, அவளுக்குக் குடிக்க ஒரு பிளாஸ்கில் கஞ்சியும் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். உன் அப்பா திருத்தங்கலில் அச்சாபீஸிலிருந்து பைக்கில் நேராகப் போய்விட்டார். நான் பஸ்ஸில் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஆஸ்பத்திரி வாசலில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் என் கையிலிருந்த பிளாஸ்கை வாங்கிக்கொண்டார். அதை வாங்கின விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கு யாரும் சொல்லாதது. முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு மாரடைப்பு என்றால் யாரும் நம்பவில்லை. எழவு வீட்டிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "குடிக்காத, பீடி பிடிக்காத பொம்பளைக்கு ஹார்ட் அட்டாக்கா? இதுல என்னமோ இருக்கு" என்று உன் பெரியப்பா உன் அப்பாவைத் தனியாக அழைத்துப் போய்ப் பேசினார். மாப்பிள்ளை மேல் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை. நானும் போகவில்லை. பேசுகிறவர்கள் பேசப் பேச, எனக்கும் அவர்களோடு சேர்ந்து ஒருத்தரைக் கோபித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கோபம் இருந்தால் கொஞ்சம் தாங்கிக்கொள்ளலாம் என்று உடம்புக்குத் தெரிகிறது.

உன் அப்பா ஸ்டேஷனுக்குப் போகவில்லை. "நான் அவரு அழுததைப் பாத்தேன்" என்று மட்டும் சொன்னார். நீ துபாய்க்குத் திரும்பிப் போன பிறகு, கார்த்திகை மாதம், நான் மட்டும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். ராஜியைக் கடைசியாகப் பார்த்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, வெளியில் காத்திருந்தேன். வயது குறைந்தவர்தான், உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அன்று எடுத்த ரத்தத்தின் முடிவுகளைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார். அதைப் படித்துவிட்டு, என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா, அவங்களுக்கு நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்துச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது வயிற்றில் இருப்பது, இது நெஞ்சில் நடந்தது. அதுவும் பிள்ளை பிறந்து எத்தனையோ வருஷம் கழித்து. "இருந்துச்சுய்யா. ஆனா பிள்ளை பொறந்ததும் அது சரியாப் போச்சே" என்றேன்.

"அது போகாதும்மா. கட்டின்னு பேரு வச்சதுதான் வம்பு. சினைப்பையில முட்டை முழுசா வளராம அங்கனயே நின்னுபோறதைத்தான் ஸ்கேன்ல பாத்துட்டுக் கட்டின்னு சொல்றாங்க. ஆனா கோளாறு சினைப்பையோட நிக்கிறதில்ல, உடம்பு முழுக்க இருக்கு. இன்சுலின் சுரக்கும், உடம்பு அதைச் சரியா எடுத்துக்காது. அதனால சுகர் ஏறும், பிரஷர் ஏறும். ரத்தத்துல கெட்ட கொழுப்பு கூடும், நல்ல கொழுப்பு குறையும். வருசக்கணக்கா ரத்தக்குழாய்ல போய்ப் படியும். குழந்தை பொறக்குதா இல்லையாங்கிறது அதுல ஒரு பக்கம்தான். நாம அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான் பாக்கோம்."

"அப்போ நீர்க்கட்டி இருக்கிற எல்லாருக்கும் இப்படி ஆகுமாய்யா?"

"இல்லம்மா, இல்ல. நெறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மத்தவங்களைவிட வாய்ப்பு கூட. மாசமா இருக்கும்போது சுகரும் பிரஷரும் வந்திருந்தா இன்னும் கூட. அதனாலதான் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றோம். ஒல்லியா இருக்கிறவங்களும் பாக்கணும். கொழுப்பு ஏறுனா வெளியில தெரியாது, வலிக்காது. ரத்தம் குடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

நான் பல்வலியைச் சொன்னேன். கனம் தூக்கிப் படியேறினால் வரும், உட்கார்ந்தால் போகும் என்று அவள் சொன்னதைச் சொன்னேன். அந்த டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "அது பல்லு இல்லம்மா" என்றார். "இருதயத்துக்கு ரத்தம் பத்தலைன்னா அப்படித்தான் சொல்லும். பொம்பளைகளுக்கு நெஞ்சுல வலிக்காம தாடையில வலிக்கலாம், முதுகுல வலிக்கலாம், சும்மா மூச்சு வாங்கலாம், காரணமில்லாம அசந்து போகலாம். அவங்களும் வாயுன்னு நெனச்சிருவாங்க, நாங்களும் சில சமயம் தவற விட்டுருவோம்."

"முன்னாடியே பாத்திருந்தா இருந்திருப்பாளா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் கேட்டேன்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. கொழுப்புக்கு மாத்திரை இருக்கு. நடை, சாப்பாடுன்னு எவ்வளவோ செஞ்சிருக்கலாம். ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்" என்றார். பொய் சொல்லி என்னைத் தேற்றியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அதற்காக அவரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அங்கிருந்து வீட்டுக்கு வராமல், நேராக ராஜி வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை தனியாக இருந்தார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். "நாங்க யாரும் உங்களைத் தப்பா நினைக்கல மாப்பிள்ளை" என்று ஆரம்பித்தேன். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர், "நினைச்சீக அத்தை. பரவால்ல. நானும் என்னையத்தான் நினைச்சேன். அன்னைக்கு நான் ஏன் சோடா வாங்கப் போனேன்னு இன்னும் நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். அந்த வீட்டில் அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். யாழினியை வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டரிடம் காட்டுகிறார். தாயிடமிருந்து மகளுக்கு வரலாமாம். வராமலும் போகலாம். பெரியவளான பிறகு நானே பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேன், அதுவரை உயிரோடு இருந்தால்.

இப்போது கார்த்திகா விஷயத்துக்கு வருகிறேன். உன் பெரியப்பா கிணறு என்று சொன்னாரே, அதைக் கேட்டபோது எனக்கு முதலில் ராஜியின் நினைப்புத்தான் வந்தது. அவளையும் இப்படித்தான் யாராவது கூடத்தில் உட்கார்ந்து கிணறு என்று சொல்லியிருப்பார்கள். நாங்கள் மறைத்ததால் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லவில்லை, பிறகு சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் மூன்று நாள் யோசித்தேன். புதன்கிழமை காலையில் உன் அப்பாவிடம்கூட முழுசாகச் சொல்லாமல், காரியாபட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவர்கள் வீட்டில் மிளகாய்த் தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவளுடைய அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "வாங்க மதினி, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே, உட்காரப் பாயைப் போட்டார், மறுபடி எடுத்து நாற்காலியைப் போட்டார். "சொல்லாதடின்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன் மதினி. கேக்கல. இவளா போன் பண்ணிச் சொல்லிட்டா" என்றார். உள்ளேயிருந்து கார்த்திகா வந்து நின்றாள். ஒல்லியான பிள்ளை. ராஜியின் சாயல் ஒரு துளி கூடக் கிடையாது. எனக்கு அது நல்லதாகப் போயிற்று.

"அத்தை, வேண்டாம்னா நேராவே சொல்லிருங்க. ஜாதகம் பொருந்தலைன்னு சாக்குச் சொல்ல வேண்டாம்" என்றாள்.

"நான் அதுக்கு வரலம்மா. கொழுப்பு பாத்தியா? சுகர் பாத்தியா?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. "ஸ்கேன் பாத்தாங்க அத்தை. பீரியட்ஸ் வர மாத்திரை குடுத்தாங்க. கல்யாணத்துக்கப்புறம் வாங்கன்னாங்க" என்றாள். இருபது வருஷத்துக்கு முன்னால் என் காதில் விழுந்த அதே பேச்சு, வேறு ஒரு ஊரில், வேறு ஒரு பிள்ளைக்கு. நான் அவளையும் அவள் அம்மாவையும் உட்காரவைத்து, உனக்கு இப்போது எழுதினதையெல்லாம் சொன்னேன். அவள் அம்மா நடுவில் எழுந்துபோய் அடுப்படியில் நின்றுகொண்டார். கார்த்திகா எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க பெரிய அத்தைக்கும் முகத்துல முடி இருக்கும். அவுகளும் நாப்பது வயசுல நெஞ்சு வலின்னு படுத்தாக. யாரும் ஏன்னு கேக்கல" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வெறும் வயிற்றோடு விருதுநகருக்கு பஸ்ஸில் வந்தாள். நான் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். இரண்டு பேரும் சேர்ந்து ரத்தம் கொடுக்கப் போனோம். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்துக் கடையில் இட்லி சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள், "அத்தை, ஒண்ணு கேக்கவா? எனக்குப் பிள்ளையே பொறக்கலைன்னா?" என்றாள்.

நான் பிள்ளை பிறக்கும் என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித்தானே ஒருத்தியைப் பறிகொடுத்தோம். "பொறந்தா வளப்போம். பொறக்கலைன்னா நீ இருக்கேல்ல, நீ இரு" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாம்பாரில் இட்லியைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

முடிவு வந்துவிட்டது. சர்க்கரை எல்லையில் நிற்கிறது. கெட்ட கொழுப்பு இருக்க வேண்டியதைவிடக் கூடுதல், நல்லது குறைவு. அந்த ஒல்லிப் பிள்ளைக்கு. டாக்டர் இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தினமும் வேகமாக நடக்கட்டும், சாப்பாட்டை மாற்றட்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அதன் பிறகு வருஷா வருஷம் விடாமல் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். பயப்படும்படி இல்லை என்றும் சொன்னார், மறந்துவிடும்படியும் இல்லை.

இனி நீ முடிவு செய். நீ சொல்கிறபடி செய்வேன் என்று என் தலையில் போடாதே. அவளோடு வாழப்போவது நீதான். கட்டிக்கொள்வதாக இருந்தால், விசேஷம் உண்டா என்று கேட்கிறவர்களுக்கு முன்னால் அவளைத் தனியாக நிற்க விடாதே. நீ பதில் சொல்லு. அவளுக்கு மூச்சு வாங்கினால், தாடை வலித்தால், அசதியாக இருக்கிறது என்று இரண்டு தடவை சொன்னால், சீசன் முடியட்டும் என்று எந்த வேலையையும் காரணம் காட்டாதே. துபாயில் இருந்தாலும் ரத்தம் எடுக்கிற நாளை நீ நினைவு வைத்துக்கொள். வேண்டாம் என்று முடிவு செய்தால் அதிலும் எனக்குக் கோபம் இல்லை, பயம் யாருக்கும் வரும். ஆனால் நீயே அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லு. அந்தப் பிள்ளை நேராகச் சொன்னாள், நீயும் நேராகச் சொல்லு.

எதுவானாலும் மூன்று மாதம் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு போவதாக நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன். நீ அவளைக் கட்டினாலும் சரி, கட்டாவிட்டாலும் சரி, அன்று காலையில் நான் விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன்.

உன் அம்மா